பத்தாவது ஆளின் ரத்தம்

தம்பி,

நீ எப்படியிருக்கிறாய் என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க முடியாது. முந்தாநாள்தான் என் எதிரில் உட்கார்ந்து ஆறு தோசை தின்றுவிட்டு, ஏழாவதை நான் எடுத்து வந்தபோது தட்டைக் கையால் மூடினாய். நன்றாகத்தான் இருக்கிறாய். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், ஒரு சின்ன விஷயத்தைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியைப் படிக்காமல் பஸ் ஏறி வந்து நிற்பாய். இன்னும் பத்து நாளில் விமானம் ஏறப்போகிறவன் பெட்டி கட்டுகிற வேலையைப் பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தில் இருப்பதை நேரில் சொல்ல நீ இங்கே இருந்த இரண்டு நாளும் வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் உனக்கு ஊறுகாய் கட்டிக்கொடுப்பது முக்கியமாகிவிட்டது.

நீ வைத்துவிட்டுப் போன நீல அட்டைப் புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்தேன். உன் ஆராய்ச்சி முழுக்க அதில் இருக்கிறது என்றாய். மலாயில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த மலாய் ரிங்லெட் சந்தையில் மீன் வாங்கப் போதும், உன் புத்தகத்துக்குப் போதாது. ஆனாலும் புரட்டினேன். நடுவில் ஒரு பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒன்று முதல் பதினொன்று வரை எண் இருந்தது. பத்தாவது எண்ணுக்கு எதிரே எல்லாக் கட்டமும் காலி. கீழே மட்டும் பொடி எழுத்தில் ஒரு வரி. தமிழ்ப்பள்ளி டீச்சரிடம் எடுத்துக்கொண்டு போய் இது என்ன என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்: "பத்தாவது நபர், பெண், தோட்டத் தொழிலாளி. மருந்து கொடுப்பதற்கு முன் எடுத்த ரத்தத்திலேயே மருந்துப் பொருள் இருந்ததால் சேர்க்கப்படவில்லை." யாரம்மா இந்த ஆள் என்று டீச்சர் கேட்டார். எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஆள் நான்தான். அது உனக்கும் தெரியும். ஆனால் ஏன் என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பினால் எனக்குச் சோறு இறங்காது.

உன் அப்பா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டியதும், ரத்தத்தில் சர்க்கரை ஏறி அவருக்கு இனிப்பு நீர் வந்ததும் உனக்கு நினைவிருக்கும். எழுபதுகளின் கடைசி அது. நீ மலைக்குக் கீழே தாப்பா டவுனில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். தோட்டத்து டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்க்கிற டிரெஸ்ஸர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். ரிங்லெட் சந்தையில் கீரை விற்கிற மலாய்க்கார அம்மா, மக்சிக் ஒருவர், "ஹெம்பெடு பூமி" என்று ஒரு காய்ந்த செடிக் கட்டை என் கையில் திணித்து, இனிப்பு நீருக்கு இதைவிட நல்லதில்லை என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து மோந்து பார்த்தால் நம் நிலவேம்பு. அன்று முதல் தினமும் விடிவதற்கு முன் அடுப்பில் அதுதான் முதலில் ஏறும். ஒரு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராகச் சுண்டும் வரை கொதிக்க வைப்பேன். உன் அப்பா அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "துரை ஏசினாக்கூட இவ்ளோ கசக்காது லா" என்பார். மூன்று வருஷம், ஒரு நாள் விடாமல் கொடுத்தேன். காலில் வந்த புண் ஆறவில்லை. தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, நீ அடுப்பு மேலே தொங்கிய நிலவேம்புக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய். "இத்தன நாள் குடிச்சாரே, அது அப்பா ரத்தத்துக்குள்ள போச்சாம்மா, போகலையா?" என்று கேட்டாய். உனக்கு அப்போது பதினெட்டு வயது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. போய்ப் படிக்கிற வேலையைப் பார் என்று விரட்டினேன். நீயும் போய்ப் படித்தாய். படித்துப் படித்து, அந்தக் கேள்வியையே பெரிய படிப்பாகத் தூக்கிக்கொண்டு ஐந்து வருஷம் கழித்து என் வாசலுக்கு வந்து நிற்பாய் என்று நான் நினைக்கவே இல்லை.

முதல் தடவை நீ வந்தபோது எவ்வளவு வேடிக்கை. டிஸ்பென்சரியில் பத்து பேரை வரிசையாக உட்கார வைத்து, நிலவேம்புத் தண்ணீரை அளந்து கொடுத்து, மணிக்கொரு தடவை ரத்தம் எடுத்தாய். நம் ஜனங்கள் உனக்குக் கை நீட்டினார்களே, அதை மறக்காதே. கண்ணம்மா அக்கா ஊசியைக் கண்டால் மயங்குகிறவள். அவளும் வந்தாள். ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, திரிங்காப்பிலிருந்து இறங்கிய காய்கறி லோரியில் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் போனாய். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தவன் முகத்தில் களையே இல்லை. இயந்திரம் ஒரு நீளக் காகிதத்தில் கோடு போடுமாம், மருந்து இருக்கிற இடத்தில் கோடு மலை மாதிரி எழும்புமாம். பத்து பேர் ரத்தத்திலும் மலையே இல்லை, சமவெளிதான் என்றாய். உன் பேராசிரியர் சிரித்துவிட்டு, அது வெறும் கசப்புத் தண்ணீர், உடம்புக்குள் போவதே இல்லை, வேறு தலைப்பு எடு என்று சொல்லிவிட்டாராம்.

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். மூன்று வருஷம் விடியற்காலையில் எழுந்து நான் கொதிக்க வைத்தது வெறும் கசப்புத் தண்ணீர் என்று யாரோ ஒரு படித்த மனிதர் சொல்லிவிட்டார்.

உனக்கு மட்டும் ஏனோ அந்தச் சமவெளியில் நம்பிக்கை இல்லை. நான் உன்னிடம் முதன்முதலாக மலைத்துப்போனது அங்கேதான். மருந்து உடம்புக்குள் போகவில்லையா, அல்லது போய் வெளியே வந்த பிறகு குழாயிலேயே தொலைந்ததா என்று யோசித்தாயே, அந்த யோசனை எனக்கெல்லாம் பத்து ஜென்மம் எடுத்தாலும் வராது. ஆனால் அப்போது எனக்கு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாய். ஆறு மாதம் கழித்துத் தீபாவளிக்கு வந்தாய். விடியற்காலை உனக்கு எண்ணெய் தேய்க்கச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்தாய். நான் பிடித்து இழுத்துக் கழற்றினேன். இரண்டு முழங்கை மடிப்பிலும் கருநீலமாகக் கன்றிப்போய், புள்ளி புள்ளியாக ஊசித் தடம்.

அந்த நாளில் ரேடியோவைத் திறந்தால் தாடா என்கிற போதைமருந்துப் பேச்சு, சுவரைப் பார்த்தால் தாடா. போதை ஊசியால் கெட்டுப்போன பிள்ளைகளின் கதைகளை டவுன் ஹாலில் படம் போட்டே காட்டினார்கள். எண்ணெய்க் கையோடு உன்னை அறைந்தேன். இன்னொரு அறையும் விட்டேன். அப்பன் இல்லாத பிள்ளை என்று ஊர் சொல்லும்படி செய்துவிட்டாயே என்று அழுதேன். நீ கன்னத்தில் எண்ணெய் வழிய நின்றுகொண்டு, மெதுவாகச் சொன்னாய்:

"அது என் சொந்த ரத்தம்மா. ஆராய்ச்சிக்கு எடுத்தேன். அடுத்தவங்க கைய எத்தன தடவதான் குத்துறது?"

பிறகு தலையில் எண்ணெயோடு அப்படியே உட்கார்ந்து விளக்கினாய். உன் ரத்தத்தைக் குழாயில் போட்டுச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கிவிடும், மேலே மஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்கும். அதில் நிலவேம்பின் கசப்புப் பொருளை நீயே அளந்து போட்டாய். கால் மணிக்கு ஒரு தடவை இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தாய். போட்டது போட்டபடி இருக்கவில்லை. முதலில் பெரிய மலை, அடுத்தது சின்ன மலை, அப்புறம் மேடு, அப்புறம் ஒன்றுமில்லை. "கொழுந்த சாக்குல அமுக்கி வெயில்ல போட்டா என்னாகும்மா? அதேதான்" என்றாய். எனக்கு உடனே விளங்கிவிட்டது. காலையில் பறித்த கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுபோகாமல் மத்தியானம் வரை சாக்கில் வைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்துபோகும். கங்காணி கையை விட்டுப் பார்த்துவிட்டு முகத்தில் வீசுவார். பறித்தவள் நல்ல கொழுந்துதான் பறித்தாள், கெட்டது சாக்கில். ரத்தம் கொஞ்சம் சோப்புத் தண்ணீர்க் குணம் உள்ளதாம், அதில் இந்தப் பொருள் தாங்காதாம். புளிப்பில் தாங்குமாம். எடுத்த உடனே சுழற்றி, மஞ்சள் நீரில் ஒரு சொட்டு அமிலம் விட்டு, அப்போதே உறைய வைத்தால் மலை அப்படியே நிற்கிறது என்று கண்டுபிடித்திருந்தாய். ஒரு சொட்டுக்கு ஆறு மாதம், உன் இரண்டு கையும். அன்றைக்கு உனக்கு இரண்டாம் தடவை எண்ணெய் தேய்த்தேன், அறைந்த கன்னத்துக்குக் கொஞ்சம் அதிகமாக.

அதற்குப் பிறகு நீ இரண்டாம் தடவை வந்தாய். அந்த நாளைத்தான் நான் சொல்ல வேண்டும். முதல் தடவை வந்தவர்களில் ஒருத்தி மகள் பிரசவத்துக்குப் போய்விட்டாள். கண்ணம்மா அக்காவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். புதிதாக ஒருத்தியைச் சேர்த்தும் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். பத்தாவதாக நான் வருகிறேன் என்றேன். ஒரு வாரத்துக்கு நிலவேம்பு வாயில் படக் கூடாது, காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று எல்லோருக்கும் சொன்னது போலவே எனக்கும் சொன்னாய். தலையாட்டினேன். ஆனால் அன்று விடிவதற்கு முன் எழுந்து, இரண்டு கைப்பிடி நிலவேம்பைப் போட்டுக் கொதிக்க வைத்து, பெரிய டம்ளர் நிறையக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். குடித்த வாயை உப்புப் போட்டுக் கொப்பளித்தேன், நீ மோந்து பார்த்துவிடுவாயோ என்று.

என் மலை எல்லோருடையதையும்விட உயரமாக வர வேண்டும் என்று நினைத்தேன். உன் பேராசிரியர் வாயடைத்துப்போக வேண்டும். கசப்புத் தண்ணீரா என்று அவரை நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மருந்து கொடுப்பதற்கு முன்னாலும் ஒரு தடவை ரத்தம் எடுப்பாய் என்பதும், அது காலியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்பதும் என் மரமண்டைக்கு எட்டவில்லை. ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு "யாரும் ஒன்னும் குடிக்கலையே?" என்று கேட்டாய். எல்லோரும் இல்லை என்றார்கள். "இல்ல லா, குத்துடா" என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன்.

அன்று நீ வேலை செய்ததை ஓரத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்தேன். குழாயை எடுத்ததும் ஓடுவாய். கையால் சுற்றுகிற அந்தச் சின்ன இயந்திரத்தைக் கடிகாரம் பார்த்துக்கொண்டே சுற்றுவாய், மேலே தெளிந்ததை உறிஞ்சுவாய், சொட்டு விடுவாய், டிரெஸ்ஸரின் ஐஸ் பெட்டிக்குள் வைப்பாய், திரும்பி வந்து அடுத்த கை. நாற்பது குழாய்க்கு மேல் இருக்கும். ஒன்றுகூடச் சிந்தவில்லை. ஊசி குத்துமுன் ஒவ்வொருவரிடமும் "மன்னிச்சிக்குங்க, சுருக்குன்னு இருக்கும்" என்றாய். நாற்பது தடவையும் சொன்னாய். மத்தியானம் உனக்குச் சோறு கொண்டுவந்து வைத்தேன், அது ஆறிப்போய்க் கிடந்தது. உன் அப்பா மலை ரோட்டில் லோரி ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டு வருவேன். அன்றைக்கு உன் கையை அப்படிப் பார்த்தேன். இவன் என் வயிற்றில் பிறந்தவன்தானா என்று இருந்தது.

அடுத்த மாதம் காகிதச் சுருளோடு வந்து, நம் வீட்டுச் சிமெண்டுத் தரையில் விரித்துக் காட்டினாய். ஒன்பது பேருக்கும் மலை இருந்தது. மருந்து குடிக்குமுன் சமவெளி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சி, சாயங்காலத்துக்குள் இறக்கம். அப்புறம் என் காகிதத்தை விரித்தாய். முதல் கோட்டிலேயே மலை நின்றது. நீ என் முகத்தைப் பார்த்து, "காலைல ஏதாச்சும் குடிச்சியாம்மா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். உன் இயந்திரம்தான் கெட்டுப்போயிருக்கும் என்றும் சொன்னேன். நீ இன்னொரு தடவை கேட்கவில்லை. காகிதத்தை மெதுவாகச் சுருட்டினாய். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உன்மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. இரண்டாம் தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்து, அவள் ஏதாவது இல்லை என்று சொன்னால், கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை கேள்.

அதற்கு நீ கொடுத்த விலையை டீச்சர் மகன் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். அவனும் உன் பல்கலைக்கழகத்தில்தானே இருந்தான். முதல் ரத்தத்தை மட்டும் கழித்துவிட்டு மீதியைச் சேர்த்துக்கொள், யாருக்குத் தெரியப்போகிறது என்று உன் கூட்டாளிகள் சொன்னார்களாம். முடியாது என்றாயாம். இயந்திரத்தில்தான் குற்றமோ என்று ஒரு மாதம் அதைக் கழற்றிப் பார்த்தாயாம். அப்புறம் மறுபடி இங்கே ஏறி வந்து, கண்ணம்மா அக்காவைப் பதினோராவதாக உட்கார வைத்து முதலிலிருந்து செய்தாய். அதற்குள் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு நாள் முடிந்து, ஒரு வருஷம் போய்விட்டது. நீ போன வருஷமே விமானம் ஏறியிருக்க வேண்டியவன். என் ஒரு டம்ளர் உன் ஒரு வருஷத்தைக் குடித்துவிட்டது. நீ என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

இனிமேல் சொல்லப்போவதை உட்கார்ந்து படி. அப்பாவுக்கு டிரெஸ்ஸர் வெள்ளை மாத்திரை கொடுத்தார் என்று மேலே எழுதினேன். முதல் வருஷம் அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் லோரி எடுத்தார். ரிங்லெட் வளைவில் தலை சுற்றிக் கண் இருட்டி, லோரி பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. ஒரு சாண் தள்ளியிருந்தால் அன்றைக்கே போயிருப்பார். நான் அந்த மாத்திரைக்குப் பயந்துவிட்டேன். டிரெஸ்ஸரைக் கேட்காமலே, அவர்தான் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார், இனி நிலவேம்பு போதும் என்று உன் அப்பாவிடம் பொய் சொன்னேன். அவர் நம்பினார். மாதா மாதம் டிஸ்பென்சரியில் மாத்திரையை நானே வாங்கி வந்து பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். டிரெஸ்ஸரிடம் ஒழுங்காகப் போடுகிறார் என்றேன். இரண்டு வருஷம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பொய் சொன்னேன். அந்த டின் இன்னும் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது.

இப்போது புரிகிறதா, என் மலை ஏன் உயரமாக வர வேண்டியிருந்தது என்று? நிலவேம்பு ஜெயித்தால் நான் அவரைக் கொல்லவில்லை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தரையில் ஒன்பது மலையைப் பார்த்ததும் உன்னிடம் நான் ஆசையோடு கேட்டேனே, நினைவிருக்கிறதா? அப்பா ரத்தத்திலும் போயிருக்கும்தானே, நல்லது செய்திருக்கும்தானே என்று. ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். உனக்கும் அது தெரியும், என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய். நீ சொன்னாய்:

"தெரியலம்மா. அப்பா ரத்தத்த நான் அளக்கலையே. போகுதான்னுதான் பாத்தேன், கொணமாக்குதான்னு பாக்கல."

இரண்டு நாள் உன்னோடு பேசாமல் தட்டை டங்கென்று வைத்தேன். பெற்ற தாய்க்கு ஒரு ஆறுதல் சொல்லத் தெரியாதவன் என்ன பெரிய படிப்புப் படித்தான் என்று கண்ணம்மா அக்காவிடம் புலம்பினேன். இப்போது அந்தப் பதிலை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. உன் பேராசிரியர் இல்லை என்றபோது நீ நம்பவில்லை, உன் அம்மா ஆமாம் என்று கெஞ்சியபோதும் நீ கொடுக்கவில்லை. நான் அன்பினால் பொய் சொன்னவள். நீ அன்பிருந்தும் பொய் சொல்லாதவன். இது எங்கிருந்து உனக்கு வந்தது என்று எனக்குத் தெரியவில்லை, என்னிடமிருந்து நிச்சயமாக இல்லை. போகிற ஊரில் இதைத் தொலைத்துவிடாதே. அப்புறம், உன் ரத்தத்தை மட்டும் எடுக்காதே. வெள்ளைக்காரனிடம் இல்லாத ரத்தமா?

முதலில் சொன்ன சின்ன விஷயம் இதுதான். எனக்கும் இனிப்பு நீர் வந்திருக்கிறது. பயப்படாதே, ஆரம்பம்தான் என்கிறார்கள். வெள்ளை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறேன். நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார் டிரெஸ்ஸர். அதே மனிதர்தான், தலை நரைத்துவிட்டது. பிஸ்கட் டின்னையும் எடுத்துக்கொண்டு போகிறேன். முதலில் அதைத் திறந்து அவர் மேசைமேல் வைத்துவிட்டு அப்புறம்தான் கையை நீட்டுவேன். அடுப்பு மேலே நிலவேம்புக் கட்டு இன்னும் தொங்குகிறது. விடியற்காலையில் என் கை பழக்கத்துக்கு அந்தப் பக்கம் போகும், பிடித்துக்கொள்வேன். ஊசியோடு வந்து டிரெஸ்ஸர் கேட்பார், காலையில் ஏதாவது குடித்தாயா என்று. இல்லை என்பேன். இந்தத் தடவை நீ அதை எழுதிக்கொள்ளலாம், தம்பி.

அம்மா